வடிகுழாயின் வாயும் ஒரு பதிவு இலக்கமும்

எங்கள் குசினியின் மேலுள்ள கொங்கிறீற் கூரை 14 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்டது. சுற்றிவர அரையடி உயரத்திற்குக் கட்டு எழுப்பி, மழைநீர் இறங்குவதற்காகக் கிழக்கு மூலையில் ஒரு பிவிசி குழாய் பதித்திருந்தார்கள். அந்தக் குழாயின் வாய் கூரைத் தரையை விட ஓர் அங்குலம் உயரத்தில் நின்றது. அதன் பொருள் விளங்க எனக்கு ஒரு மாரிகாலம் முழுவதும் தேவைப்பட்டது. நீர் குழாயின் வாய்வரை ஏறினால்தான் வெளியே போகும். அதுவரை 168 சதுர அடிப் பரப்பில் ஓர் அங்குல நீர் தேங்கி நிற்கும். கணக்குப் பார்த்தால் 14 கன அடி, ஏறக்குறைய 400 லீற்றர். மழை விட்டு வெயில் எறித்த பின்னரும் எங்கள் தலைக்கு மேல் ஒரு சின்னக் குளம் இருந்துகொண்டே இருந்தது.

அந்தக் கூரையைப் போட்ட பதிவுபெற்ற ஒப்பந்தக்காரரை, அதைத் திருத்தித் தராமல் விட்டதற்காகப் பதில் சொல்ல வைத்த கதையைத்தான் எழுதப்போகிறேன். அவருடைய பெயரையோ ஊரையோ எழுதமாட்டேன். முறைப்பாட்டைச் சொல்லவேண்டிய இடங்களில் பெயருடன் சொல்லிவிட்டேன். இங்கே அது தேவையில்லை.

வீடு கல்லடியில் இருக்கிறது. ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக உள்ள இந்தத் துண்டு நிலத்தில் இரும்பு எதுவும் நெடுங்காலம் இரும்பாக இருப்பதில்லை. கதவின் கொண்டி முதல் கூரையின் கம்பி வரை உப்புக்காற்று தின்றுவிடும். மட்டக்களப்பின் வழக்கப்படி அது அம்மாவின் வீடு. அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து எனக்கும் வந்தது; நாளைக்கு என் மகளுக்குப் போகவேண்டியது. 2004 டிசம்பரில் கடல் வந்தபோது பின்பக்கச் சுவர்கள் விழுந்து, முன்மண்டபமும் ஓட்டுக்கூரையும் மட்டும் மிஞ்சின. அவசரத்தில் கட்டிய பின்பக்கத்தை ஒழுங்காக இடித்துக் கட்டவேண்டும் என்று நாங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். மகளுக்குக் கலியாணப் பேச்சு வந்த பிறகுதான் அந்தச் சொல்லுக்குக் கால் முளைத்தது.

2024 ஏப்ரலில் இரண்டு பேரிடம் மதிப்பீடு வாங்கினோம். ஒருவர் எங்கள் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்கின்ற மேசன் பாஸ். குசினி, குளியலறை, மேலே கொங்கிறீற் கூரை எல்லாம் சேர்த்து 16 இலட்சம் ரூபாய் என்றார். மற்றவர் 18 இலட்சம் கேட்டார். ஆனால் அவரிடம் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவு இருந்தது. தொலைபேசியில் சான்றிதழின் படத்தைக் காட்டி, "நான் கவர்ன்மெண்ட் வேலை செய்யிற ஆள், டீச்சர். நாளைக்கு ஒரு பிரச்சினை எண்டால் என்னைப் பிடிக்கலாம். பாஸை எங்க போய்த் தேடுவீங்க?" என்றார். நான் கூடுதலாகக் கொடுத்த இரண்டு இலட்சமும் இந்த ஒரு வசனத்துக்காகத்தான். சீமெந்தும் கம்பியும் இருவருக்கும் ஒரே கடையில் இருந்துதான் வரப்போகின்றன. வேலையாட்களும் ஏறக்குறைய அதே ஆட்கள்தான். கூடுதல் பணம் கொடுத்து நான் வாங்கியது, பதில் சொல்லும் கடமை உள்ள ஒரு மனிதரை.

அந்தச் சான்றிதழைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்திருந்தது மிகக் குறைவு. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்த அதிகாரசபையை, ஊரில் பலர் இன்னமும் இக்டாட் என்ற பழைய பெயராலேயே சொல்கிறார்கள். ஒப்பந்தக்காரர்களை அது துறைவாரியாகப் பதிவுசெய்கிறது: கட்டடம் வேறு, நெடுஞ்சாலை வேறு, பாலம் வேறு, நீர்வழங்கல் வேறு, நீர்ப்பாசனம் வேறு. ஒவ்வொரு துறையிலும், எவ்வளவு பெறுமதியான வேலையை ஒருவர் ஏற்கலாம் என்பதற்கேற்பத் தரம் உண்டு. சீ 9 அடித்தரம். எண் குறையக் குறையத் தரம் உயரும். எனவே சான்றிதழில் பார்க்கவேண்டியவை பதிவு இலக்கம், துறை, தரம், காலாவதித் திகதி ஆகிய நான்கும். நான் பார்த்தது இலச்சினையை மட்டும். நல்ல வேளையாக, பின்னர் தேடியபோது அவருடைய பதிவு உண்மையானதாகவும், கட்டடத் துறைக்கு உரியதாகவும், காலாவதியாகாததாகவும் இருந்தது. வாய்க்கால் கட்டுவதற்குப் பதிவுபெற்ற ஒருவரிடம் நான் குசினியைக் கொடுத்திருந்தாலும் அந்தப் படத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்திருக்காது.

ஒப்பந்தம் இரண்டு பக்கம். வேலைகளின் விபரம், நான்கு கட்டக் கொடுப்பனவு, முடிக்கும் திகதி, இருவரின் கையொப்பம். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்றை எழுதவேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அரசாங்க ஒப்பந்தங்களில், வேலையை ஒப்படைத்த பின் குறிப்பிட்ட காலத்துக்குள், பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள், வெளிப்படும் குறைகளை ஒப்பந்தக்காரரே தம் செலவில் திருத்தவேண்டும். அதற்குப் பிணையாகக் கொடுப்பனவில் ஒரு பங்கு பிடித்து வைக்கப்படும். பாடசாலைக் கட்டடம் கட்டும்போது இதற்கெல்லாம் கையெழுத்திடும் அதே மனிதர், வீட்டு வேலையில் அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. எங்கள் கையில் மிஞ்சியிருந்தது 75,000 ரூபாய். அதுவும் திட்டமிட்டு வைத்ததல்ல. வர்ணம் பூசும் வேலையில் ஒரு சுவர் மிச்சம் இருந்ததால் நின்ற பணம்.

கூரைக்குக் கொங்கிறீற் போட்டது ஜூலையில். எங்கள் பக்கத்தில் அது கச்சான் காற்றின் காலம். மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்றில் துவைத்துப் போட்ட சேலை கால்மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். புதுக் கொங்கிறீற்றில் உள்ள நீரையும் அது அப்படித்தான் உறிஞ்சும். கொங்கிறீற் காய்ந்து இறுகுவதில்லை. சீமெந்து நீரோடு சேர்ந்து வேதிமாற்றம் அடைந்தே இறுகுகிறது. ஆகவே போட்ட பிறகு குறைந்தது ஏழு நாட்களாவது பாத்தி கட்டி நீர் நிறுத்தவேண்டும், அல்லது நனைந்த சாக்குகளால் மூடி வைக்கவேண்டும். எங்கள் கூரைக்கு நீர் கட்டியது இரண்டே நாள். மூன்றாம் நாள் வேலையாட்கள் வரவில்லை. மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா நெருங்கிவிட்டது, ஆட்கள் லீவு என்றார் ஒப்பந்தக்காரர். நானே ஏணியில் ஏறி ஊற்றியிருக்கலாம். முழங்கால் வலியும், பதிவுபெற்றவர் செய்வது சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பும் என்னைக் கீழேயே இருக்க வைத்தன.

ஓகஸ்ற் 23ஆம் திகதி வேலையை ஒப்படைத்தார். பால் காய்ச்சினோம். ஒக்ரோபர் கடைசியில், முதல் மழைக்கு, மின்விளக்குக்கு அருகில் ஐந்து ரூபாய்க் குற்றியளவில் ஒரு கறை தெரிந்தது. தொலைபேசியில் சொன்னேன். "புதுக் கொங்கிறீற் கொஞ்சம் ஈரம் விடும் டீச்சர், மறுகா சரியாகிரும்" என்றார். நவம்பர் 26ஆம் திகதி கிழக்கு மாகாணம் முழுவதும் வெள்ளம் போட்ட அந்த மழையில் நான்கு இடங்களில் சொட்டத் தொடங்கியது. வாளி, சருவம், சோற்றுப்பானை, கடைசியில் மகளுக்கு வாங்கி வைத்த புதுச் சட்டி என்று ஒவ்வொன்றாக வைத்தோம். ஒரு சொட்டு மின்விளக்கின் கம்பி வழியாக இறங்கியதைக் கண்டதும் என் கணவர் பிரதான ஆளியை நிறுத்தினார். அன்றிரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் நான்கு பாத்திரங்களும் நான்கு சுருதியில் ஒலித்துக்கொண்டிருந்ததை இன்று சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

அதன்பிறகு அவர் சொன்ன பதில் ஒன்றேதான்: "மழை விடட்டும்." மழைக்குள் கூரை வேலை செய்ய முடியாது என்பது நியாயம். மழை விட்டபோதோ ஒழுக்கும் நின்றுவிட்டது. இப்போது ஒழுகவில்லையே, அடுத்த மழைக்குப் பார்ப்போம் என்றார். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் ஒரு வீடு எத்தனை வருடமும் இடிந்துகொண்டிருக்கலாம். ஜனவரியில் ஒரு நாள் மட்டும் ஒரு பெடியனை அனுப்பினார். அவன் சீமெந்துப் பாலைக் கரைத்து, கூரையின் அடிப்பக்கத்தில் வெடிப்புகளின் மேல் தூரிகையால் பூசி, அதன்மேல் வெள்ளை அடித்துவிட்டுப் போனான். மேலே தேங்கும் நீரைக் கீழேயிருந்து அடைக்க முடியாது. நீர் வேறு இடம் தேடும். பத்து நாட்களில் கறை ஒரு முழம் தள்ளிப் புதிதாகத் தோன்றியது. இம்முறை அதன் நடுவில் காவி நிறமும் இருந்தது.

அந்தக் காவி நிறம்தான் என்னைக் கலவரப்படுத்தியது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்ற என் தாய்மாமனை அழைத்து வந்தேன். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்; ஏணியில் ஏற வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மேலே நின்றார். ஒரு வாளி நீரை நடுவில் ஊற்றிவிட்டு அது எங்கே ஓடுகிறது என்று பார்த்தார். அது எங்கேயும் ஓடவில்லை. பிறகு பென்சிலைக் குழாயின் வாயருகே நிறுத்தி, நகத்தால் அடையாளம் வைத்து என்னிடம் காட்டினார். "மகள், தண்ணிக்கு ஏணி வச்சுக் குடுத்தாத்தான் இதுக்குள்ள போகும்."

கீழே வந்து காவிக்கறை இருந்த இடத்தில் பூச்சை உளியால் மெதுவாகத் தட்டினார். விரல் நகத்தின் அகலத்துக்குக்கூட உள்ளே போகவில்லை. கட்டுக்கம்பியின் முறுக்கிய நுனி துருப்பிடித்துத் தெரிந்தது. கம்பிக்குக் கீழே கொங்கிறீற் மூடியிருந்த கனம் சில இடங்களில் எட்டு மில்லிமீற்றர்தான். கூரைக்கு 20 மில்லிமீற்றராவது இருக்கவேண்டும், கடற்கரை ஊருக்கு அதைவிடக் கூட இருக்கவேண்டும் என்றார். பலகையின்மேல் கம்பியைத் தூக்கி நிறுத்தச் சிறிய சீமெந்துக் கட்டிகளை வைப்பார்கள். அவற்றைப் போதுமானளவு வைக்கவில்லை. இரும்பு துருவாக மாறும்போது அதன் கனவளவு பெருகும். பெருகும் துரு கொங்கிறீற்றை உள்ளிருந்தே வெடிக்கச் செய்யும். உப்புக்காற்றும் தேங்கிய நீரும் சேர்ந்தால் இதற்கு நெடுங்காலம் தேவையில்லை. ஒழுக்குத்தானே, பாத்திரம் வைத்தால் போயிற்று என்று சொல்லிய உறவினர்கள் எல்லோருக்கும் நான் இந்த இடத்தை விரலால் காட்டினேன்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பிழைகளுக்காக மட்டும் நான் அவர்மேல் முறைப்பாடு செய்திருக்கமாட்டேன். முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். பிழை விடாத பிள்ளையை நான் கண்டதில்லை. சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்த பிறகும் அதே கொப்பியை அப்படியே மேசையில் கொண்டுவந்து வைக்கும் பிள்ளையோடுதான் எனக்குச் சண்டை. குழாயின் வாயைத் தாழ்த்திப் பதிக்க ஒரு மேசனுக்கு அரை நாள் போதும். டிசம்பரில் ஒரு வெயில் நாளில் வந்து அதைச் செய்து, மேலே சாய்வு போட்டிருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

2025 மார்ச்சில் முதல் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்பந்தத்தின் திகதி, ஒப்படைத்த திகதி, ஒழுக்கை அறிவித்த ஒவ்வொரு தொலைபேசி அழைப்பின் திகதி, நான்கு குறைகள், திருத்துவதற்கு 14 நாள் அவகாசம். கோபமான சொல் ஒன்றும் இல்லை. எழுதிய முதல் பிரதியில் நிறைய இருந்தன. என் கணவர் வாசித்துவிட்டு, "இதை வாசிக்கிறவர் உங்கட கோபத்தைத்தான் பார்ப்பார், குழாயைப் பார்க்கமாட்டார்" என்றதால் அவற்றை வெட்டினேன். வெடிப்புகளின் இரண்டு நுனிகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை படம் எடுத்தேன். ஜனவரிக் கோட்டைத் தாண்டி மார்ச்சில் வெடிப்பு மூன்று விரற்கடை நீண்டிருந்தது. பின்னர் எந்த மேசையில் அந்தப் படங்களை வைத்தாலும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கடிதத்துக்கு எழுத்தில் பதில் வரவில்லை. நான் தொலைபேசியில் அழைத்தபோதுதான் சொன்னார்: "முதல்ல மிச்சக் காசு 75,000ஐத் தாங்க, மறுகா ஆள் அனுப்புறன்." மாமாவின் கருத்தைச் சொன்னபோது, "உங்கட மாமா உங்களுக்குச் சார்பாத்தானே சொல்லுவார்" என்றார். அதில் நியாயம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே எங்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பட்டயப் பொறியியலாளருக்கு 15,000 ரூபாய் கொடுத்து அறிக்கை பெற்றேன். மாமா சொன்னதையே அவரும் சொன்னார். ஆனால் அளவுகளோடும் படங்களோடும் கையொப்பத்தோடும் சொன்னார். திருத்தச் செலவு 3 இலட்சத்து 40,000 ரூபாய் என்று மதிப்பிட்டார்.

இதற்கிடையில் ஊர் பேசத் தொடங்கியது. "அவனும் புள்ளகுட்டிக்காரன், அவன்ட வயித்தில அடிக்காதீங்க டீச்சர்" என்று கோயில் வாசலில் வைத்து ஒரு அக்கா சொன்னார். கலியாண வீட்டுக்காரர் வம்புக்குப் போகக்கூடாது என்றார்கள். ஒரு மச்சான் முறையானவர் பொலிஸில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். பணத்தை ஏமாற்றும் நோக்கத்தோடு வாங்கியிருந்தால் அது பொலிஸ் பார்க்கவேண்டிய விடயம். வேலையைச் செய்துவிட்டுச் சரியாகச் செய்யாமல் விட்டது இரு தரப்புக்கும் இடையிலான குடியியல் பிணக்கு. அவரைக் கூண்டில் நிறுத்துவதில் எனக்கு நாட்டமும் இல்லை. வயிற்றில் அடிக்கும் கதையைப் பற்றி மட்டும் நான் பலநாள் யோசித்தேன். அவருடைய பதிவு பறிபோனால் பாதிக்கப்படுவது அவர் மட்டும் அல்ல, அவரிடம் நாட்கூலிக்கு நிற்கும் அந்த வெள்ளை அடித்த பெடியனும்தான். ஆனால் அவர் அடுத்துக் கட்டப்போவது ஒரு பாடசாலையின் கூரையாகவும் இருக்கலாம் என்ற நினைவு வந்தபோது என் தயக்கம் போய்விட்டது.

முதலில் நான் நினைத்தது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை. பழுதான மின்விசிறிக்கும் காலாவதியான பால்மாவுக்கும் மட்டும் உரியது என்று பலர் நினைக்கும் அந்தச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், சேவைகளுக்கும் பொருந்தும். உரிய கவனத்தோடும் திறமையோடும் சேவை வழங்கப்படும் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கியிருப்பதாகவே அது கொள்கிறது. ஆனால் முறைப்பாட்டைச் சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். ஓகஸ்ற் 23இல் ஒப்படைத்த கூரைக்கு நவம்பர் 23 உடன் காலம் முடிந்தது; பெருமழை வந்தது 26இல். மட்டக்களப்பில் கோடையில் கட்டிய கூரையின் குணம் மாரியில்தான் தெரியும் என்பதைச் சட்டத்துக்கு யார் சொல்வது! ஒக்ரோபரில் அந்த ஐந்து ரூபாய்க் கறையைக் கண்ட அன்றே ஒரு கடிதம் எழுதியிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்கும். "மறுகா சரியாகிரும்" என்ற சொல்லின் விலை அது. நீதிமன்ற வழக்குக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை: எழுத்து ஒப்பந்தம் என்றால் ஆறு வருடம், வாய்ப்பேச்சு என்றால் மூன்று வருடம். அந்த இரண்டு பக்கத் தாளுக்காக முதன்முறையாக மகிழ்ந்தேன்.

ஏப்ரலில் இரண்டு விண்ணப்பங்களை ஒரே வாரத்தில் கொடுத்தேன்: ஒன்று எங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கு, மற்றது கொழும்பில் உள்ள நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபைக்கு. இரண்டின் வேலையும் வேறு என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நாட்கள் எடுத்தன. பலர் இந்த இடத்தில்தான் குழம்பி, தவறான கதவைத் தட்டிவிட்டு, எல்லாரும் கள்ளர் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பதிவு கொடுத்த அதிகாரசபை என் கூரையைத் திருத்தித் தராது, பணத்தையும் வாங்கித் தராது. அதன் கை எட்டுவது அவருடைய பதிவை மட்டும். ஆனால் அரசாங்கக் கேள்விமனுக்களுக்கு அந்தப் பதிவு இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. பாடசாலைக் கட்டடம், கிராமத்து வீதி, வடிகான் என்று அரச வேலைகளில் பிழைக்கும் ஒரு சிறிய ஒப்பந்தக்காரருக்கு, பதிவில் ஒரு கீறல் விழுவது என் 75,000 ரூபாயை விடப் பன்மடங்கு கனதியானது. மத்தியஸ்த சபையின் நிலை வேறு. அதனால் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, தீர்ப்பும் சொல்ல முடியாது. இரு தரப்பையும் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவரத்தான் முடியும். என்னுடைய தொகை கட்டாய மத்தியஸ்த எல்லைக்குள் அடங்கியதால், அங்கே இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றத்துக்குப் போகவும் முடியாது.

அதிகாரசபைக்கு எழுதிய முறைப்பாட்டில் அவருடைய பதிவு இலக்கத்தை முதல் வரியில் எழுதினேன். "மோசமான வேலை" என்று எழுதாமல், "குறைபாடு எழுத்தில் அறிவிக்கப்பட்டு, அவகாசம் கொடுக்கப்பட்ட பின்னரும் திருத்தப்படவில்லை" என்று எழுதினேன். ஒப்பந்தம், பற்றுச்சீட்டுகள், பதிவுத்தபால் சீட்டு, பொறியியலாளரின் அறிக்கை, பென்சில் கோட்டுப் படங்கள் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்தேன். சில வாரங்களில், அவரிடம் விளக்கம் கோரப்பட்டிருப்பதாக எனக்குக் கடிதம் வந்தது. அந்த வாரமே அவர் தொலைபேசியில் அழைத்தார். பத்து மாதங்களில் அவராக எடுத்த முதல் அழைப்பு அது. "ஏன் டீச்சர் கொழும்புக்கெல்லாம் எழுதினீங்க? எனக்கொரு கோல் எடுத்திருக்கலாமே?" அதுவரை நான் எடுத்த 31 அழைப்புகளின் பட்டியல் மேசையில் கிடந்தது. வாசித்துக் காட்டவில்லை, மத்தியஸ்த சபையில் சந்திப்போம் என்று மட்டும் சொன்னேன்.

ஜூனில் முதல் தவணைக்கு அவர் வரவில்லை. ஜூலையில் வந்தார். ஒரு பாடசாலை வகுப்பறை. வார இறுதியாதலால் பிள்ளைகள் இல்லை. சின்னக் கதிரைகளில் முழங்கால் மடங்க உட்கார்ந்திருந்தோம். ஒரு மத்தியஸ்தரை நான் தெரிவுசெய்ய, மற்றொருவரை அவர் தெரிவுசெய்ய, அவர்கள் இருவரும் சேர்ந்து தலைவரைத் தெரிவுசெய்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். சட்டத்தரணிகள் இல்லை. ஒப்பந்தக்காரர் முதலில் கச்சான் காற்றைக் குறை சொன்னார், பிறகு மழையை, பிறகு கம்பி கட்டியவரை, பிறகு குழாய் வைத்த பெடியனை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலைவர் ஒரே கேள்வி கேட்டார்:

"தம்பி, கொழும்பில பதிவு யார்ட பேரில இருக்கு? அந்தப் பெடியன்ட பேரிலயா?"

அவர் பதில் சொல்லாமல் அறிக்கையைத் தன் பக்கம் திருப்பி, குழாயின் படத்தை நெடுநேரம் பார்த்தார். அந்தக் கூரையை அவர் மேலே ஏறிப் பார்த்ததே இல்லை என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

உடன்பாட்டை எழுதினோம். மேலே போட்ட பூச்சை முழுவதும் கொத்தி எடுப்பது. குழாயின் வாயைக் கூரைத் தரைக்குக் கீழே இறக்கிப் பதிப்பது. குழாயை நோக்கிச் சாய்வு போடுவது. அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு படை அடிப்பது. அடிப்பக்கத்தில் துருப்பிடித்த இடங்களைத் திறந்து, துருவை நீக்கி, மீண்டும் மூடுவது. இறுதியில் 48 மணித்தியால நீர்ச்சோதனை. சோதனையில் தேறினால் நிலுவையில் 50,000 கொடுப்பேன். 25,000ஐ அடுத்த மாரி முடிந்த பின் கொடுப்பேன். இந்தக் கடைசி வரிக்கு அவர் உடன்பட மறுத்து எழுந்தார், பின் உட்கார்ந்தார். அன்று அவர் முகத்தில் கண்டது கோபமா களைப்பா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஓகஸ்ற்றில் வேலை நடந்தது. இம்முறை அவரும் வந்தார், ஏணியிலும் ஏறினார். கடைசி நாள் குழாயின் வாயைச் சாக்குத் துணியால் அடைத்துவிட்டு, இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் நிரப்பினார்கள். மாமா ஓர் ஈர்க்கில் அடையாளம் வெட்டி மூலையில் குத்தி வைத்தார்; பக்கத்தில் ஒரு வாளியிலும் அதே அளவு நீரை வைத்தார். வெயிலுக்கு வாளி நீர் எவ்வளவு இறங்குகிறதோ, கூரை நீரும் அவ்வளவே இறங்கவேண்டும் என்பது அவருடைய கணக்கு. இரண்டு நாட்களும் நான் குசினிக்குள் போகும்போதெல்லாம் மேலே பார்த்துக்கொண்டே சமைத்தேன். ஒரு நாள் கறிக்கு உப்பை இரண்டுமுறை போட்டேன். 48 மணித்தியாலம் முடிந்தபோது ஈர்க்கும் வாளியும் ஒரே கணக்கைச் சொல்லின. கூரையின் அடிப்பக்கம் காய்ந்திருந்தது. துணியை இழுத்ததும் நீர் முழுவதும் குழாய்க்குள் ஓடியது. நடுவில் ஒரு கை நீர்கூட நிற்கவில்லை.

50,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கினேன். அவர் போகவில்லை. அதிகாரசபைக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார். தானே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார்: எனக்கு இந்த ஒப்பந்தக்காரர் தொடர்பில் எவ்வித முறைப்பாடும் இல்லை, முன்னைய முறைப்பாட்டை மீளப்பெறுகிறேன் என்று நான் சொல்வதாக இரண்டு வரி. அதில் நான் ஒப்பமிடவில்லை. உள்ளே போய் என் கையால் வேறொன்று எழுதினேன். 2024 ஒக்ரோபரில் குறைபாடு அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் எழுத்தில் அறிவிக்கப்பட்டது. 2025 ஓகஸ்ற்றில், மத்தியஸ்த சபையில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அவருடைய செலவில் திருத்தப்பட்டது. நீர்ச்சோதனையில் ஒழுக்கு இல்லை.

திண்ணையில் நின்றபடியே இரண்டுமுறை வாசித்தார். "முதல் ரெண்டு வரியையும் எடுத்துவிட ஏலாதா டீச்சர்?" என்றார்.

"கடைசி வரியும் அந்த இரண்டோடதான் தம்பி வருது" என்றேன்.

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளை எடுப்பதற்கு முன் ஒருமுறை நிமிர்ந்து கிழக்கு மூலைக் குழாயைப் பார்த்துவிட்டுப் போனார்.